டர்பனில் முதல் செடான் கார்: வேரியண்ட் தேர்விலிருந்து பதிவு வரை புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை நிமித்தம் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து சேர்ந்து, சாட்ஸ்வொர்த்திலோ மெர்பேங்கிலோ ஃபீனிக்ஸிலோ வாடகைக்கு வீடு எடுத்துக் குடியேறிய எவரும், மூன்றாவது மாதத்துக்குள் கார் இல்லாமல் இங்கே காலம் தள்ள முடியாது என்பதைப் புரிந்துகொள்வார்கள். நானும் புரிந்துகொண்டேன். ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்ற வரிசை தெரியாமல், இன்னும் விரைவாக முடித்திருக்கக்கூடிய ஒரு வேலைக்கு ஏறத்தாழ ஐந்து மாதங்களைச் செலவிட்டேன். ஒரு பரிசோதனைக்கு இரண்டு முறை பணம் கட்டினேன். முன்பணத்தில் ஒரு பகுதியையும் இழந்தேன். உங்களுக்கு அவை நேராமலிருக்க, நான் செய்திருக்க வேண்டிய வரிசையிலேயே எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக நான் பேசுவது டொயோட்டா கரோலா குவெஸ்ட். டர்பனின் தெற்கே, இசிப்பிங்கோவை ஒட்டிய ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் தயாரான வண்டி என்பதால் உதிரி பாகம் கிடைக்காத கவலை இல்லை. பழுது பார்க்கத் தெரியாத மெக்கானிக்கும் இந்த ஊரில் அநேகமாக இல்லை. ஹோண்டா பல்லேடோ, ஃபோக்ஸ்வாகன் போலோ செடானோ, சுசுகி டிசையரோ வாங்க நினைப்பவர்களுக்கும் இதே படிகள் பொருந்தும். வேரியண்ட் பெயர்கள், அதாவது ஒரே வண்டியின் வசதிப் படிநிலைகளுக்கு நிறுவனம் வைக்கும் பெயர்கள், மட்டும் மாறும்.

1. வண்டியைத் தேடுவதற்கு முன்பே போக்குவரத்துப் பதிவு எண்ணுக்கு விண்ணப்பியுங்கள்

தென்னாப்பிரிக்க அடையாள அட்டை இல்லாத ஒருவர், தம் பெயரில் வண்டியைப் பதிவு செய்ய வேண்டுமானால் போக்குவரத்துப் பதிவு எண் ஒன்றைப் பெற்றாக வேண்டும். இங்கே எல்லோரும் அதைச் சுருக்கமாக டிஆர்என் என்பார்கள். ஏஎன்ஆர் என்ற படிவத்தை நிரப்பி, கடவுச்சீட்டு, செல்லுபடியாகும் விசா, முகவரிச் சான்று ஆகியவற்றுடன் வாகனப் பதிவு அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். எல்லா அலுவலகங்களும் இந்த விண்ணப்பத்தை ஏற்பதில்லை என்பதால், விடுப்பு எடுத்துக்கொண்டு போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முகவரிச் சான்றுதான் பலரைத் திருப்பி அனுப்பும் காகிதம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட மின்சார அல்லது தண்ணீர்க் கட்டண ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். உறவினர் வீட்டு மாடியறையில் குடியிருப்பவருக்கு அது எங்கிருந்து வரும்? வீட்டுக்காரரின் ரசீதையும், நீங்கள் அங்கே வசிப்பதை உறுதிசெய்து அவர் எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். பிரமாணப் பத்திரத்தையும், நகல்களின் மேல் சான்று முத்திரையையும் காவல் நிலையத்திலேயே கட்டணமின்றிப் பெறலாம். ஒரே நாளில் ஐந்தாறு நகல்களுக்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, காப்பீட்டு நிறுவனம், பதிவு அலுவலகம் மூன்றும் தனித்தனியாகக் கேட்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முத்திரையைப் பலர் ஏற்பதில்லை என்பதால் அதற்கு மேல் வாங்கிக் குவிப்பதில் பயனில்லை.

என்னுடைய எண் வருவதற்கு ஒன்பது வாரங்கள் ஆயின. சிலருக்கு இரண்டு வாரங்களில் வந்திருக்கிறது. எவ்வளவு நாள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரே படி இதுதான். ஆகவே இதுவே முதல் படி.

2. எந்தத் தலைமுறை என்பதை முடிவு செய்யுங்கள்

விளம்பரங்களில் எல்லாம் 'குவெஸ்ட்' என்றே இருக்கும். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு வேறு வண்டிகள் சாலையில் ஓடுகின்றன. 2014இல் வந்த முதல் குவெஸ்ட், அதற்கு முந்தைய பத்தாம் தலைமுறைக் கரோலாவின் உடலைக் கொண்டது, 1.6 லிட்டர் இன்ஜின், 90 கிலோவாட். ஆட்டோமேட்டிக்கில் நான்கே கியர். 2020இல் வந்த இரண்டாவது குவெஸ்ட், பதினோராம் தலைமுறைக் கரோலாவின் உடலைக் கொண்டது, 1.8 லிட்டர் இன்ஜின், 103 கிலோவாட். இதில் ஆறு கியர் மேனுவல் அல்லது சிவிடி (தனித்தனி கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்). இரண்டு இன்ஜின்களிலும் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால், குறிப்பிட்ட கிலோமீட்டரில் பெல்ட் மாற்றும் பெருஞ்செலவு இல்லை.

கைக்கு எட்டுமானால் இரண்டாவதையே வாங்குங்கள் என்பது என் கருத்து. வேகமாகத் திரும்பும்போது வண்டி சறுக்காமல் தானே பிடித்துக்கொள்ளும் நிலைப்புக் கட்டுப்பாடு அதன் எல்லா வேரியண்ட்களிலும் உண்டு. முதல் குவெஸ்டில் இல்லை. மழைக்கால இரவில் N2 நெடுஞ்சாலையில் கரும்பு லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தவருக்கு இது வெறும் விளம்பர வாசகமாகத் தோன்றாது. ஜோகன்னஸ்பர்க்குக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால், டர்போ இல்லாத எந்த இன்ஜினும் கடற்கரையில் தரும் வலுவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை அங்கே இழக்கிறது. வான் ரீனன் கணவாயில் நால்வருடனும் பெட்டிகளுடனும் ஏறும்போது 1.6க்கும் 1.8க்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே தெரியும்.

3. வேரியண்டைப் பட்டியல் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்

இரண்டாவது குவெஸ்டில் மூன்று படிநிலைகள் உண்டு: பெயரொட்டு இல்லாத அடிப்படை மாடல், அதற்கு மேல் ப்ரெஸ்டீஜ், அதற்கும் மேல் எக்ஸ்குளூசிவ். நடு மாடலில் அலாய் சக்கரமும் க்ரூஸ் கன்ட்ரோலும் சேர்கின்றன. மேல் மாடலில் தோல் இருக்கையும் சாவியை எடுக்காமலே கதவு திறக்கும் வசதியும் வருகின்றன. ஆண்டுக்கு ஆண்டு சிறுசிறு மாற்றங்கள் உண்டு என்பதால், விற்பவர் சொல்வதை நம்பாமல் ஒவ்வொரு பொத்தானையும் நீங்களே அழுத்திப் பாருங்கள்.

மூன்று மாடலுக்கும் இன்ஜின் ஒன்றுதான். வழக்கமான சர்வீஸ் செலவும் ஒன்றுதான். வேறுபாடு வருவது மற்ற இடங்களில், அவற்றைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இங்குள்ள சாலைக் குழிகளில் இறங்கினால் இரும்புச் சக்கரம் வளையும், தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் விரிசல் விட்டால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். மேல் மாடலின் சாவி தொலைந்தால் மாற்றுச் சாவிக்கு ஆகும் செலவு, சாதாரணச் சாவியைப் போல் பல மடங்கு. இரண்டு சாவிகளும் கைக்கு வராமல் எந்த வண்டிக்கும் முழுப் பணம் கொடுக்காதீர்கள். தோல் இருக்கை டர்பனின் பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் என்ன சுகம் தரும் என்பதை வெயிலில் நிறுத்திய வண்டியில் ஏறி உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம்.

தினமும் நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு அடிப்படை மேனுவல் போதும். மாதம் ஒருமுறையாவது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டிச் செல்பவருக்கு, க்ரூஸ் கன்ட்ரோலுக்காகவே ப்ரெஸ்டீஜ் தகும். எக்ஸ்குளூசிவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை, அதே பணத்தில் கிடைக்கும் குறைந்த கிலோமீட்டர் ஓடிய ப்ரெஸ்டீஜில் போடுவதே மேல் என்று நான் நினைக்கிறேன். பழைய வண்டியில் வேரியண்டைவிட முன்பிருந்தவர் எப்படி வைத்திருந்தார் என்பதே பெரிது.

இங்கேதான் நான் ஏமாந்தேன். பின்புறம் 'எக்ஸ்குளூசிவ்' என்ற எழுத்து ஒட்டியிருந்த ஒரு வண்டிக்கு, காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே, வேறு யாருக்கும் விற்றுவிடாமல் நிறுத்திவைக்க என்று 10,000 ரேண்ட் கொடுத்துவிட்டேன். அந்த எழுத்து பின்னால் ஒட்டியது. உண்மையில் அது அடிப்படை மாடல். இருக்கைக்கு வெளியில் தோலுறை போட்டிருந்தார்கள். பணத்தில் 7,500 ரேண்ட் திரும்பி வர ஆறு வாரங்கள் ஆயின; மீதி வரவே இல்லை. பக்கத்து வீட்டு அங்கிள் கேட்டுவிட்டு, "தம்பி, இந்த ஊரில் காரைப் பார்க்காதே, காகிதத்தைப் பார்" என்றார். வண்டியின் பதிவுச் சான்றிதழில் மாடல் வரிசைப் பெயர் அச்சாகியிருக்கும். ஒட்டிய எழுத்தை மறந்துவிட்டு அதைப் படியுங்கள். அத்துடன், வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பயன்படுத்தும் எம் அண்ட் எம் எண் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வேரியண்டுக்கும் அந்த எண் தனி. சந்தை மதிப்பை அதை வைத்தே கணக்கிடுகிறார்கள். தவறான எண்ணுடன் காப்பீடு எடுத்தால், இல்லாத வசதிகளுக்கு மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். வண்டி களவு போனால் மட்டும் சரியான மாடலின் மதிப்பையே தருவார்கள்.

4. விலை பேசுவதற்கு முன் காப்பீட்டு விலையைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமில்லை. விபத்தில் காயமடைந்தவர்களுக்கு இழப்பீடு தரும் சாலை விபத்து நிதி, நீங்கள் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் உள்ள வரியிலிருந்து நடக்கிறது. ஆனால் அந்த நிதி உங்கள் வண்டிக்கோ, நீங்கள் இடித்த அடுத்தவர் வண்டிக்கோ ஒரு ரேண்டும் தராது. கடனில் வாங்குபவரிடம் வங்கி முழுக் காப்பீட்டைக் கட்டாயம் கேட்கும்.

மாதத் தவணையைத் தீர்மானிப்பதில், இரவில் வண்டி எங்கே நிற்கிறது, யார் ஓட்டுகிறார், எத்தனை ஆண்டுகளாக உரிமம் வைத்திருக்கிறார் என்பவை வேரியண்டைவிடப் பெரிய பங்கு வகிக்கின்றன. பூட்டிய கராஜ் இருக்கும் வீடும், தெருவோரம் நிறுத்தும் வீடும் ஒன்றல்ல. ஊரில் பதினைந்து ஆண்டுகள் ஓட்டியிருந்தாலும் அதற்குச் சான்றில்லையென்றால் உங்களைப் புதிய ஓட்டுநராகக் கருதிக் கூடுதல் எக்சஸ் போடுவார்கள். எக்சஸ் என்பது ஒவ்வொரு கோரிக்கையிலும் உங்கள் கையிலிருந்து போகும் தொகை. ஆகவே ஊரிலிருந்து புறப்படும்போதே உரிமம் முதலில் வழங்கப்பட்ட தேதி தெரியும் சான்றையும், பழைய காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கோரிக்கை எதுவும் இல்லை என்ற கடிதத்தையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். நான் அதைப் பின்னால் வரவழைத்தேன். தவணை கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்தது.

டிராக்கர் கருவி கட்டாயமா என்பதையும் கேளுங்கள். கட்டாயமென்றால் அதற்கும் ஒரு மாதக் கட்டணம் உண்டு, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. காகிதங்களில் நான்கு இடங்களைப் படியுங்கள்

பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் என்றும் டைட்டில் ஹோல்டர் என்றும் இரண்டு பெயர்கள் இருக்கும். கடன் முடியாத வண்டியில் டைட்டில் ஹோல்டர் வங்கியாகவும், உரிமையாளர் ஓட்டுபவராகவும் இருப்பார். அப்படிப்பட்ட வண்டியைத் தனிநபரிடம் வாங்குவதானால், எவ்வளவு பாக்கி என்ற கடிதத்தை வங்கியிடமிருந்து வாங்கச் சொல்லி, அந்தத் தொகையை நேரடியாக வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். விற்பவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் கட்டுவார் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது, வண்டியின் நிலைக் குறியீடு. கோட் 1 புதிய வண்டி, கோட் 2 பழைய வண்டி. கோட் 3 என்றால் சேதமடைந்து மீண்டும் கட்டி எழுப்பிய வண்டி. கோட் 4 நிரந்தரமாக ஒழிக்கப்பட வேண்டியது. கோட் 3 வண்டியின் விலை கவர்ச்சியாக இருக்கும். ஆனால் பல காப்பீட்டு நிறுவனங்கள் அதைத் தொடவே மாட்டா, திரும்ப விற்பதும் கடினம். கோட் 2 என்று இருப்பதாலேயே வண்டி சுத்தமானது என்றும் கொள்ள வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் பழுது பார்க்கத் தகாது என்று தள்ளிவிட்ட வண்டிகள் அதே குறியீட்டுடன் ஏலத்தில் வெளியே வந்திருக்கின்றன. தென்னாப்பிரிக்கக் காப்பீட்டுச் சங்கத்தின் இணையத் தேடலில் சேசிஸ் எண்ணை இட்டு இதைச் சரிபார்க்கலாம்.

மூன்றாவது, சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் சான்றிதழில் உள்ளபடியே வண்டியிலும் இருக்கின்றனவா என்பது. நான்காவது, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஆண்டு உரிம வில்லை காலாவதியாகாமல் இருக்கிறதா என்பது. பாக்கி இருந்தால் விற்பவர் கட்டிய பிறகே பேச்சைத் தொடருங்கள்.

6. வெள்ளமும் உப்புக் காற்றும்

2022 ஏப்ரலில் டர்பனை மூழ்கடித்த வெள்ளம் ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலைக்குள்ளும் புகுந்தது. அங்கே நனைந்த வண்டிகளை நிறுவனம் விற்பனைக்கு விடாமல் அழித்துவிட்டது. ஆனால் வீட்டு வாசல்களிலும் தெருக்களிலும் நின்ற வண்டிகளை அப்படி யாரும் அழித்துவிடவில்லை. கழுவி, உலர்த்தி, வாசனை தெளித்து விற்ற வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். சேறு படிந்த கோடு அங்கே தெரியும். இருக்கைத் தண்டவாளத்தின் துரு, ஸ்பேர் டயர் குழியின் மூலையில் மண், கம்பளத்தின் அடியில் ஈர நாற்றம் ஆகியவையும் காட்டிக்கொடுத்துவிடும்.

கடலோரத்தில் நிறுத்திய வண்டிகளில் உப்புத் துரு அடிப்பாகத்தில் ஆரம்பிக்கும். ஆகவே வண்டியை மேலே தூக்கிக் காட்டாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். தனிநபரிடம் வாங்குவதானால், பணம் கொடுத்து ஒரு சுயேச்சையான பரிசோதனை நிலையத்தில் முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். நான் கொடுத்த தொகையைவிட அதிகமாகவே விலையைக் குறைக்க அந்த அறிக்கை எனக்கு உதவியது.

7. பணம் கொடுக்கும்போது

விற்பனை நிலையத்தில் வாங்கினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறைகளுக்கு அவர்கள் பொறுப்பு. தனிநபர் விற்பனையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒப்பந்தத்தில் 'ஃபுட்ஸ்டுட்ஸ்' என்ற ஆஃப்ரிக்கான்ஸ் சொல் இருந்தால், உள்ளது உள்ளபடியே வாங்கிக்கொள்கிறீர்கள் என்று பொருள். விலை வித்தியாசத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

விற்பனை நிலையத்தின் விலைச் சீட்டில் 'ஆன் த ரோட்' கட்டணம் என்று ஒரு வரி கடைசியில் முளைக்கும். எனக்கு 6,900 ரேண்ட் என்று எழுதினார்கள். பதிவு, உரிமம், எண் பலகை, பெட்ரோல் என ஒவ்வொன்றையும் பிரித்து எழுதித் தரும்படி கேட்டேன். மறுநாள் அது 3,200 ஆகிவிட்டது. கண்ணாடி ஃபிலிம், பெயின்ட் பாதுகாப்பு போன்றவற்றைக் கேட்காமலே சேர்த்திருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

கடனில் வாங்குபவர்கள் பலூன் என்ற சொல்லைக் கண்டால் நிதானிக்க வேண்டும். மாதத் தவணை சிறிதாகத் தெரிவதற்காகக் கடனின் ஒரு பெரும் பகுதியைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைப்பதே அது. தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு, விசா முடிவதற்குள் கடனும் முடியும்படியே வங்கிகள் பெரும்பாலும் காலத்தை நிர்ணயிப்பதால் தவணை உயரும். அதைச் சமாளிக்கப் பலூனைச் சேர்த்துக்கொண்டு, விசா முடியும் மாதத்திலேயே பெருந்தொகையையும் கட்ட வேண்டிய நிலைக்கு ஆளானவர்களை அறிவேன்.

8. பதிவு: 21 நாட்கள், 60 நாட்கள்

வண்டி கைமாறிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் உங்கள் பெயரில் பதிவு செய்ய வேண்டும், தவறினால் அபராதம். இதற்குத் தேவைப்படும், வண்டியைப் பரிசோதித்துத் தரும் சாலைத் தகுதிச் சான்றிதழ், வழங்கிய நாளிலிருந்து 60 நாட்களுக்கு மட்டுமே செல்லும். டிஆர்என் வருவதற்கு முன்பே உற்சாகத்தில் நான் இந்தப் பரிசோதனையை முடித்துவிட்டேன். எண் கைக்கு வந்தபோது சான்றிதழ் செத்துப் போயிருந்தது. ஆகவே எண் வந்த பிறகே பரிசோதனை.

கொண்டுபோக வேண்டியவை: பதிவுச் சான்றிதழின் அசல், உரிமை மாற்றத்தை அறிவித்து விற்பவர் கையெழுத்திட்ட என்சிஓ படிவம், பதிவுக்கும் உரிமத்துக்கும் விண்ணப்பித்து நீங்கள் நிரப்பிய ஆர்எல்வி படிவம், சாலைத் தகுதிச் சான்றிதழ், டிஆர்என் சான்றிதழ், கடவுச்சீட்டு, முகவரிச் சான்று. விற்பவரின் அடையாள அட்டை நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஆண்டு உரிமக் கட்டணம் வண்டியின் வெறும் எடையைப் பொறுத்தது. மாதக் கடைசியில் போகாதீர்கள். உரிமம் புதுப்பிக்க வருபவர்களின் வரிசை அன்று வாசலைத் தாண்டி நிற்கும்.

9. முதல் ஆண்டுப் பராமரிப்பு

இரண்டாவது குவெஸ்டுக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது சர்வீஸ். புதிய வண்டியுடன் வந்த சர்வீஸ் ப்ளான் 45,000 கிலோமீட்டரோடு முடிந்துவிடும் என்பதால், பழைய வண்டி வாங்குபவருக்கு அநேகமாக அது மிஞ்சியிருக்காது. விற்பவர் 'ப்ளான் இருக்கிறது' என்றால், சர்வீஸ் ப்ளானா மெயின்டெனன்ஸ் ப்ளானா என்று கேளுங்கள்: முன்னது ஆயில், ஃபில்டர் போன்றவற்றை மட்டும் ஏற்கும், பின்னதுதான் பிரேக் பேட் போன்ற தேய்மானப் பொருட்களையும் ஏற்கும்.

2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்களின்படி, வாரன்டி இருக்கும்போதே நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்துகொள்ளலாம். ஆனால் கிலோமீட்டர், தேதி, போட்ட ஆயிலின் தரம் மூன்றும் எழுதிய ரசீதை ஒவ்வொரு முறையும் வாங்குங்கள். வெறும் 'சர்வீஸ் செய்தது' என்ற சீட்டு வாரன்டி தகராறில் நிற்காது.

ஆயில் ஃபில்டருடன் சேர்த்து ஏறத்தாழ 4.2 லிட்டர் பிடிக்கும். ஐந்து லிட்டர் கேனைத் திறந்து முழுவதையும் ஊற்றிவிடும் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. அளவுக் கம்பியை நீங்களே எடுத்துப் பாருங்கள். பிரேக் திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிவிடி எடுத்தவர்கள், அதன் ஆயிலுக்கு வாழ்நாள் முழுவதும் மாற்றம் தேவையில்லை என்று யார் சொன்னாலும், டர்பனின் ஏற்ற இறக்கங்களை நினைத்து இடையில் ஒருமுறை மாற்றிவிடுவதே நல்லது. வாட்டர் பம்ப்பைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறத்தில் காய்ந்த பொருக்கு தெரிந்தால் கூலன்ட் கசிகிறது. இன்ஜின் சூடேறும் வரை காத்திருக்காமல் அப்போதே காட்டுங்கள்.

டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் குடியிருப்பவர்கள், கரும்புக் காட்டைக் கொளுத்தும் மாதங்களில் ஏர் ஃபில்டரையும் ஏசி ஃபில்டரையும் குறித்த காலத்துக்கு முன்பே திறந்து பார்க்க வேண்டும்; கறுப்புச் சாம்பல் அங்கே பாய் விரித்தாற்போல் படிந்திருக்கும். இரண்டையும் மாற்ற மெக்கானிக் தேவையில்லை. ஏசி ஃபில்டருக்கு டேஷ்போர்டில் உள்ள க்ளவ் பாக்ஸைக் கழற்றத் தெரிந்தால் பத்து நிமிட வேலை.

பெட்ரோல் விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும். ஏறப்போகிறது என்று செய்தி வந்தால் செவ்வாய்க்கிழமை மாலையில் நிலையங்களில் வரிசை நீளும். மதியத்துக்கு முன்பே போய் நிரப்பிக்கொள்ளுங்கள்.